லினக்ஸ் பயனர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: புதியவருக்கு ஸ்டேபிள், நமக்கு டெஸ்டிங்

தமிழ்நாட்டின் லினக்ஸ் பயனர் குழுக்களிலும் கட்டற்ற மென்பொருள் அமைப்புகளிலும் உழைக்கும் தன்னார்வலர்களுக்கு,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் குழுக்களில் ஒரு தலைகீழ் வழக்கம் ஊறிப்போய்விட்டது. லினக்ஸை முதன்முதலாகத் தொடும் கல்லூரி மாணவரின் மடிக்கணினியில் போன மாதம் வந்த பதிப்பை ஏற்றி அனுப்புகிறோம். பல வருடமாக டெர்மினலிலேயே குடியிருக்கும் நாமோ, வேலை கெடக்கூடாதே என்று நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறோம். சரிசெய்யத் தெரியாதவர் கையில் உடையக்கூடியது, தெரிந்தவர் கையில் உடையாதது. இதைத் திருப்பிப் போடச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த வழக்கத்தால் மாணவர் படும் அவதியை நாம் அவ்வப்போது பேசியிருக்கிறோம். தமிழுக்கு விழும் அடியைப் பேசியதில்லை. அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் மாணவர். லினக்ஸ் ஏற்றித் தரும் இன்ஸ்டால் ஃபெஸ்டில் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: “அண்ணா, லேட்டஸ்ட் போட்டுக் குடுங்க.” கைபேசியோடு வளர்ந்த பிள்ளை, புதியது என்றால் நல்லது என்று நினைப்பதில் தப்பே இல்லை. புதுசுக்கு ஆயுள் கம்மி என்று நாம்தான் சொல்லியிருக்க வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் விநியோகத்தில் இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது எல்டிஎஸ். அதற்கு ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நடுவில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வருபவற்றுக்கு ஒன்பதே மாதம். 2025 அக்டோபரில் வந்த 25.10-ஐ மூன்றாம் ஆண்டில் ஏற்றிக்கொண்ட மாணவருக்கு, இறுதியாண்டு ப்ராஜெக்ட் தொடங்கும் 2026 ஜூலையில் அது காலாவதி. நடுவில் ‘அடுத்த பதிப்புக்கு மாறலாமா’ என்று திரை கேட்டிருக்கும், பயந்து மூடியிருப்பார். பிறகு ஒருநாள் அந்தப் பதிப்பின் மென்பொருள் பேக்கேஜ்கள் பழைய வெளியீடுகளுக்கென்று இருக்கும் தனி சர்வருக்குப் போய்விடும். அவர் ஒரு கம்பைலர் நிறுவப் பார்ப்பார், திரையில் வரிசையாக 404 விழும். ஏன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். லினக்ஸே இப்படித்தான் போலிருக்கிறது என்று விண்டோசுக்குத் திரும்பிவிடுவார்.

டெபியன் என்ற இன்னொரு விநியோகத்தைப் போடுகிறவர்கள் செய்வது இதைவிட மோசம். பூட்டி வெளியிடப்பட்ட பதிப்பைக் காட்டி ‘ஸ்டேபிள் ரொம்பப் பழசு’ என்று சொல்லி, புதியவை முதலில் வந்து இறங்கும் சிட்டை நேராக ஏற்றிவிடுகிறோம். டெபியனின் வெளியீடுகளுக்கெல்லாம் ஒரு பொம்மைக் கார்ட்டூன் படத்தின் பாத்திரப் பெயர்கள்; அதில் சிட் என்பவன் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 32-பிட் கணினிகளில் நேரத்தை வைத்திருக்கும் எண் 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும். அதைச் சரிசெய்ய 2024-இன் தொடக்க மாதங்களில் டெபியனில் ஏகப்பட்ட லைப்ரரிகளை மறுபடி கம்பைல் செய்தார்கள். பலவற்றின் பெயரிலேயே ‘டி64’ என்று ஒரு வால் சேர்ந்தது. வேலை முடியும்வரை சிட்டில் பாதி பேக்கேஜ் புதுப் பெயரை எதிர்பார்க்கும், பாதி பழைய பெயரைக் கேட்கும். அந்த வாரங்களில், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் நிரல் நீட்டிய ‘இவை நீக்கப்படும்’ பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ தட்டினால் டெஸ்க்டாப்பே போய்விடும் நிலை. நமக்கு அது சுவாரசியமான வாரம். மறுநாள் லேப் ரெக்கார்டு வைக்க வேண்டிய மாணவிக்கு?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று கடையில் வாங்கி வந்த மடிக்கணினியில் ஸ்டேபிளின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைஃபையை அறியாமல் போகலாம். முன்பு இதற்கு வழி குறைவு. 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, வைஃபை போன்ற வன்பொருளுக்கு வேண்டிய கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவியோடு தரலாம் என்று முடிவெடுத்தார்கள்; 2023-இல் வந்த ஸ்டேபிளான புக்வோர்மிலிருந்து அப்படியே வருகிறது. கெர்னல் இன்னும் புதிதாக வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸ் இருக்கிறது. அடுத்த ஸ்டேபிளாக உருவாகிவரும் டெஸ்டிங்கில் இருப்பதை ஸ்டேபிளுக்கென்று மறுபடி கட்டித் தருவார்கள், தேவையான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வைஃபை சிப்புக்காக முழு இயங்குதளத்தையும் சிட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இனி தமிழ். ஸ்டேபிள் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் நம் நஷ்டம் புரியும்.

டெபியனில் ஒரு பேக்கேஜின் புதுப் பதிப்பு முதலில் சிட்டில் இறங்கும். அங்கே சில நாட்கள் கிடக்க வேண்டும்; அவசரத்தைப் பொறுத்து இரண்டு, ஐந்து, பத்து என்று கணக்கு. அந்த நாட்களில் யாரும் பெரிய வழு (மென்பொருள் பிழை) பதியாமல் இருந்தால், தானியங்கிச் சோதனைகளும் தேறினால், அதைச் சார்ந்திருக்கும் மற்றவை உடையாமல் இருந்தால், பிரிட்னி என்ற நிரல் அதை டெஸ்டிங்குக்கு நகர்த்தும். சுமார் இரண்டு ஆண்டு இப்படி ஓடும். பிறகு டெஸ்டிங்கைப் படிப்படியாகப் பூட்டுவார்கள். புக்வோர்முக்கு அடுத்த ஸ்டேபிளான டிரிக்சிக்கு 2025 மார்ச் 15-இல் முதல் பூட்டு, ஏப்ரல் 15-இல் சாஃப்ட் ஃப்ரீஸ், மே 15-இல் ஹார்டு ஃப்ரீஸ், ஜூலை 27-இல் முழு ஃப்ரீஸ். ஹார்டு ஃப்ரீஸ் வந்துவிட்டால் முக்கியப் பேக்கேஜ்கள் உள்ளே போக ரிலீஸ் குழுவே கதவைத் திறந்துவிட வேண்டும். 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அந்த டெஸ்டிங்தான் ஸ்டேபிள் ஆயிற்று. அதற்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, மேலும் இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு.

ஆக, ஸ்டேபிள் என்பது தனியாகச் செய்யப்பட்ட பண்டம் அல்ல. டெஸ்டிங்கை ஓட்டியவர்கள் எதைக் கவனித்தார்களோ அது திருந்திய நிலையில், எதைக் கவனிக்கவில்லையோ அது திருந்தாத நிலையில், ஒருநாள் பூட்டப்படுவது. பிரிட்னியின் விதியை மறுபடி பாருங்கள்: ‘யாரும் வழு பதியாமல் இருந்தால்’. வழு இல்லாத பேக்கேஜும் வழுவை யாரும் சொல்லாத பேக்கேஜும் அந்த நிரலுக்கு ஒன்றுதான். தமிழில் சோதிப்பவர் யாரும் டெஸ்டிங்கில் இல்லையென்றால் தமிழ் வழுக்கள் எல்லாம் சிரமமே இல்லாமல் தேறிவிடும்.

(டெபியனுக்கு 1.0 என்று ஒரு பதிப்பே கிடையாது என்பது உங்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1995 டிசம்பரில் இன்ஃபோமேஜிக் என்ற சிடி நிறுவனம் முடிவடையாத டெவலப்பர் பதிப்பை எடுத்து ‘டெபியன் 1.0’ என்று வட்டில் அடித்து விற்றுவிட்டது. குழப்பம் வேண்டாம் என்று அந்த எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டார்கள். சமைத்துக்கொண்டிருக்கும்போதே பந்திக்கு எடுத்துப்போவது நம் இன்ஸ்டால் ஃபெஸ்டில் தொடங்கிய பழக்கம் இல்லை.)

வழுக்களின் தரவரிசையும் நமக்குச் சாதகமாக இல்லை. டெபியனில் கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் என்ற மூன்று மட்டுமே வெளியீட்டைத் தடுக்கும். தரவை அழிப்பது, பாதுகாப்பைத் திறந்துவிடுவது, பேக்கேஜையே பயன்படுத்த முடியாமல் செய்வது போன்றவை அந்த வகை. ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்பதை எப்படிப் பார்த்தாலும் ‘இம்பார்ட்டன்ட்’ என்பதற்கு மேல் ஏற்ற முடியாது. அதற்காக ஒரு வெளியீடு ஒருநாளும் நிற்கப்போவதில்லை, நிற்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் தடுத்து நிறுத்தும் பலம் இல்லாத வழுவுக்கு ஒரே பலம், சீக்கிரம் சொல்லப்படுவது.

எவ்வளவு சீக்கிரம்? டிரிக்சியில் இருப்பது லிப்ரேஆபிஸ் 25.2. அது வெளிவந்தது 2025 பிப்ரவரியில். அதன் பீட்டா நம் கைக்குக் கிடைத்தது 2024-இன் இறுதியில். டிரிக்சியில் இருக்கும் டெஸ்க்டாப் சூழல் க்னோம் 48. மார்ச்சில் வந்த அதற்கு, பிப்ரவரியிலேயே மெனுச் சொற்களுக்கும் பூட்டு விழுந்துவிட்டது. அதாவது ஆகஸ்டில் டிரிக்சியை ஏற்றிவிட்டு ‘தமிழ் சரியாக வரலையே’ என்று கேட்பவர், ஏறக்குறைய ஒன்பது மாதம் தாமதமாக வந்திருக்கிறார். அவர் சொன்னது மேலே போய்த் திருந்தி, அடுத்த ஸ்டேபிளான ஃபோர்க்கி வழியாக அவரிடம் திரும்பி வர இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. நம் குழுக்களின் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. வெளியீடு வந்ததும் விருந்து வைக்கிறோம், கேக் வெட்டுகிறோம். வழு பேச வேண்டிய மாதங்களில் யாரும் கூடுவதில்லை.

ஸ்டேபிளிலேயே திருத்தம் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் பாயின்ட் ரிலீஸ் வருகிறது. ஆனால் அதற்கு அந்த வழு முதலில் சிட்டில் திருந்தியிருக்க வேண்டும், மாற்றம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும், யாராவது அதைத் தனித் திருத்தமாகப் பிரித்து எடுத்து ரிலீஸ் குழுவிடம் வாதாட வேண்டும். இந்தக் கெடுபிடியைப் பற்றி முணுமுணுப்பவர்களிடம் ஓர் அச்சகத்தைக் காட்டுவேன். ஒரு தமிழ் எழுத்துருவில் துணைக்காலின் அகலத்தை ஒரு மயிரிழை திருத்துகிறோம் என்று வையுங்கள். முன்னூறு பக்க நூலில் வரி உடையும் இடங்கள் நகரும், பக்க எண்கள் நகரும், கையால் போட்டுவைத்த சொல்லடைவு முழுக்கத் தப்பாகும். பிழையோடு பழகி, அதற்கேற்ப வேலையை முடித்துவைத்தவர்களும் பயனர்கள்தான். ஸ்டேபிள் காப்பது அவர்களை. எனவே திருத்தங்கள் ஸ்டேபிளுக்கு முன்னாலேயே வந்துசேர வேண்டும்.

எழுத்தின் அகரவரிசையே மாறிய கதையும் உண்டு. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 என்ற அடிப்படை லைப்ரரி, சொற்களை வரிசைப்படுத்தும் விதிகளைப் பெரிய அளவில் புதுப்பித்தது. டெபியன் 9-இலிருந்து 10-க்குத் தாவியபோது அது வந்து இறங்கியது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களின் இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் கட்டப்பட்டிருந்தன; புதிய வரிசையில் தேடினால் இருக்கும் பதிவையே இல்லை என்றன. எல்லாவற்றையும் மறுபடி இன்டெக்ஸ் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு ஸ்டேபிள்களுக்கு நடுவில் இப்படி ஏதாவது எப்போதும் காத்திருக்கும். டெஸ்டிங்கில் வாழ்பவருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமைத் தலைவலி. தயாரில்லாமல் தாவுகிறவருக்கு அலுவலகமே நின்றுபோகும்.

எனவே நான் கேட்பது இது. ஒவ்வொரு குழுவும் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் டெஸ்டிங்கை ஏற்றி, தமிழுக்கென்றே ஒதுக்குங்கள். நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துத்திரை நிறுவியில் தமிழ் கிடையாது, வரைகலை நிறுவியில்தான் உண்டு. அதில் இருக்கும் தமிழ் வாக்கியங்களைப் படித்துப் பார்த்தாலே ஒரு மாலைக்கு வேலை இருக்கும். பிறகு ஒரு சோதனைப் பக்கம் தயார்செய்து, ஒவ்வொரு மாதமும் அதே பக்கத்தை எல்லா மென்பொருளிலும் திறந்து பாருங்கள்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? அச்சகத்தில் டிடிபி செய்பவர் தினமும் முட்டிக்கொள்வதெல்லாம் இருக்க வேண்டும். ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை ஒளிந்திருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்கிறதா? ‘கௌரி’ என்பதில் ‘கௌ’வின் கடைசிக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டியவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். சொல்திருத்தி அதைப் பிடிக்கிறதா? ‘ஸ்ரீரங்கம்’ என்பதன் முதல் எழுத்தை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். இரண்டும் ஒரே வடிவம் எடுக்கின்றனவா, பழைய எழுத்துருவில் ஒன்று கட்டமாகப் போகிறதா? பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் ‘கொ’ முழுதும் போகிறதா, குறி மட்டும் போகிறதா, இல்லை பாதிக் கொம்பு மிச்சம் நிற்கிறதா? ஒரு வகுப்பின் வருகைப் பட்டியலை வரிசைப்படுத்துங்கள். யூனிகோடு எண்களின் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும். நம் அகரவரிசையில் அது கடைசி மெய். மென்பொருள் எதைப் பின்பற்றுகிறது? பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டுங்கள். என்ன வருகிறதென்று பார்த்தால் சிலசமயம் அழுகை வரும்.

வழு கண்ணில் பட்டதும் எங்கே சொல்வது என்பதுதான் பலரைத் தயங்க வைக்கிறது. ஒரு சுருக்கு வழி உண்டு. எழுத்துகளைச் சேர்த்து உருவம் கொடுக்கும் வேலையை லிப்ரேஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், க்னோம் எல்லாமே ஹார்ஃப்பஸ் என்ற ஒரே லைப்ரரியிடம்தான் ஒப்படைக்கின்றன. எனவே அதே சொல்லை அதே எழுத்துருவில் இரண்டு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் கோணலாக வந்தால் பழி அந்த மென்பொருளுடையது. இரண்டிலும் கோணல் என்றால் எழுத்துருவை மாற்றுங்கள். சரியானால் பழி எழுத்துருவுடையது. மாற்றியும் கோணல் தீரவில்லையென்றால்தான் ஹார்ஃப்பஸை சந்தேகிக்க வேண்டும், அது அபூர்வம். இவ்வளவையும் செய்துவிட்டு எழுதப்படும் வழு அறிக்கைக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு. ‘தமிழ் வேலை செய்யவில்லை, தயவுசெய்து சரிசெய்யவும்’ என்று அனுப்புவதை எந்த டெவலப்பரும் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு ‘கௌ’ எப்படி இருக்க வேண்டும் என்றே தெரியாது.

டெஸ்டிங்கை முழுதாக ஏற்ற மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. லிப்ரேஆபிஸின் டெவலப்பர் பதிப்பு ‘லிப்ரேஆபிஸ்டெவ்’ என்று தனிப் பெயரில், தனி அமைப்புக் கோப்புகளோடு, வழக்கமான பதிப்புக்குப் பக்கத்தில் தொந்தரவின்றி உட்காரும். ஃபயர்ஃபாக்ஸ் நைட்லியும் அப்படியே. வேலை ஸ்டேபிளில் நடக்கட்டும், வாரம் ஒருமுறை அதைத் திறந்து ஒரு தமிழ்க் கடிதம் தட்டிப் பார்க்கட்டும்.

டெவலப்பர் பதிப்பை டெவலப்பர்களே சோதித்துக்கொள்ளட்டுமே என்று ஒரு நண்பர் கேட்டார். லினக்ஸ் கெர்னல் அதைச் செய்து பார்த்து விட்டுவிட்டது. முன்பு பதிப்பெண்ணின் நடு எண் இரட்டைப்படை என்றால் ஸ்டேபிள், ஒற்றைப்படை என்றால் டெவலப்பர் வரிசை. ஒற்றைப்படையைச் சாதாரண ஆட்கள் தொடவில்லை. அதனால் உண்மையான சோதனை இரட்டைப்படை வந்த பிறகுதான் தொடங்கியது. 2001 ஜனவரியில் 2.4 வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்டேபிள் என்று பெயர் வைத்துக்கொண்டே, 2.4.10-இல் மெமரி நிர்வாகப் பகுதியையே தூக்கி வேறொன்றைப் போட்டார்கள். அடுத்து வந்த 2.4.11-ஐ ‘பயன்படுத்தாதீர்’ என்று முத்திரை குத்தி ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அடுத்த ஸ்டேபிளான 2.6 வர 2003 டிசம்பர் ஆனது. அதுவரை பொறுக்காத விநியோக நிறுவனங்கள் 2.5-இலிருந்து வேண்டியதைப் பிய்த்தெடுத்து 2.4-இல் ஒட்டிக்கொண்டன, ஆளுக்கொரு கெர்னல். 2004-இல் ஒற்றைப்படை வழக்கத்தை மூட்டைகட்டிவிட்டார்கள். இப்போது இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பது, பிறகு வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு. நீண்டநாள் பராமரிப்பைத் தனி ஆட்கள் பார்க்கிறார்கள். வெளியாட்கள் தொடாத டெவலப்பர் பதிப்பால் ஸ்டேபிளுக்குப் பெயர் மட்டும்தான் கிடைக்கும் என்பதை அவர்கள் கஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள்.

ஒற்றை ஆள் சிட்டில் உட்கார்ந்திருந்ததால் உலகம் தப்பித்த கதை உங்களுக்குத் தெரியும். 2024 மார்ச் இறுதியில், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தன் டெபியன் சிட் கணினியில் ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகினுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். கிளறிக்கொண்டே போனவர் எக்ஸ்இசட் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பொதிந்த பின்கதவைக் கண்டுபிடித்து, மார்ச் 29-இல் அறிவித்தார். டெபியனில் அது சிட்டையும் டெஸ்டிங்கையும் எட்டியிருந்தது, ஸ்டேபிளைத் தொடவில்லை. அப்போது எல்டிஎஸ்ஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்த உபுண்டு 24.04, எல்லாவற்றையும் மறுபடி கட்டுவதற்காகத் தன் பீட்டாவை ஏப்ரல் 4-இலிருந்து 11-க்குத் தள்ளிப்போட்டது. அவர் கவனித்திராவிட்டால் அடுத்த மாதங்களில் அது எத்தனை எல்டிஎஸ் சர்வர்களில் போய் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சிட்டிலும் டெஸ்டிங்கிலும் இருந்தவர்களின் கணினியில் அந்தப் பின்கதவு சில வாரங்கள் கிடந்தது. மேலும் ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு நேரடியாகத் திருத்தம் அனுப்பும். டெஸ்டிங்குக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் சிட்டில் இறங்கி, காத்திருப்பு நாட்கள் கழிந்த பிறகே வந்துசேரும். அதனால் குழுவின் சோதனைக் கணினியில் யாருடைய வங்கிக் கணக்கும் திறக்கப்படக் கூடாது. சர்வர் சாவிகளை வைக்கக் கூடாது. வெர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால் இன்னும் நல்லது.

ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியே பலர் வழு பதிவதில்லை. அச்சகத்தில் வேலை செய்யும் அக்காவுக்கு எந்த எழுத்து எங்கே கெடுகிறது என்று நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர், டெபியனில் வழு பதிய உதவும் ரிப்போர்ட்பக் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நம் கூட்டங்களுக்கு வரும் பொறியியல் மாணவர் மூன்று நிமிடத்தில் அறிக்கை எழுதுவார். அவருக்கு வகரத்துக்கும் ழகரத்துக்கும் எது முன்னே என்று சந்தேகம். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். தமிழாசிரியர்களையும் கூப்பிடுங்கள், சோதனைக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. க்னோம் பீட்டா வரும் பிப்ரவரியும் ஆகஸ்டும், லிப்ரேஆபிஸ் பீட்டா வரும் ஆண்டு இறுதியும் கோடை முடிவும் அதற்கு ஏற்ற காலம். இன்ஸ்டால் ஃபெஸ்டுக்குச் செலவிடும் சனிக்கிழமைகளில் ஒன்றிரண்டை இதற்கு மாற்றினால் போதும்.

மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸ் டெபியனின் மேல் நிற்பது. உபுண்டு தன் பேக்கேஜ்களில் பெரும்பகுதியை டெபியனிலிருந்தே எடுக்கிறது. ஒரு வழுவை டெஸ்டிங்கில் பிடித்துக் கொடுத்தால் அரசு அலுவலகம் முதல் பள்ளிக்கூட லேப் வரைக்கும் போகும் பதிப்புகளில் அது இருக்காது. பிடிக்காமல் விட்டால் எல்லாவற்றிலும் இருக்கும், அதுவும் ஆண்டுக்கணக்கில்.

இன்ஸ்டால் ஃபெஸ்ட் மேசைக்கு ஒரு சின்ன வேண்டுகோள். எந்தப் பதிப்பை ஏற்றினாலும், அதன் ஆதரவு முடியும் மாதமும் ஆண்டும் எழுதிய ஸ்டிக்கர் ஒன்றை மடிக்கணினியின் அடியில் ஒட்டி அனுப்புங்கள். பென்குயின் படம் போட்ட ஸ்டிக்கர்கள்தான் நம்மிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றனவே, அதிலேயே பேனாவால் எழுதிவிடலாம். ‘சிட் போடுங்கள்’ என்று அடம்பிடிக்கும் மாணவர் வந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். ஸ்டேபிளை ஏற்றிக் கொடுத்து, சோதனைக் கணினிக்கு முன்னால் உட்கார வையுங்கள்.

சோதனைப் பக்கத்துக்கு ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். மேலே சொன்னவற்றோடு க்ஷகரம், தமிழ் எண்கள், கிரந்தம் கலந்த பெயர்கள், நீண்ட கூட்டுச் சொற்கள் வரி முடிவில் எங்கே உடைகின்றன என்பது எல்லாம் அதில் இருக்கிறது. கேட்கிற குழுவுக்கு அனுப்புகிறேன். உங்கள் ஊர் அச்சகத்தில் ஒருமுறை காட்டி, விட்டுப்போனவற்றைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். ஃபோர்க்கிக்கான ஃப்ரீஸ் தேதிகள் வந்து சேரும்முன் நாலைந்து ஊர்களிலாவது அந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு டெபியன் பயனர்